நாணயம் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே, இதற்கு எதற்கு உலக மாநாடு?

ஒரு வாசகரின் கேள்வி, 29 ஜூன் 2025

இன்று புள்ளியியல் நாள் என்று காலையிலிருந்து வாட்ஸப்பில் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் படம் வந்துகொண்டிருக்கிறது. கூடவே ஒரு தகவல்: புள்ளியியலையும் நிகழ்தகவையும் எப்படிக் கற்பிப்பது என்று பேசுவதற்காகவே நான்கு ஆண்டுக்கு ஒரு முறை உலக மாநாடு நடக்கிறதாம். எனக்குப் புரியவில்லை. நாணயத்தைச் சுண்டினால் மெல்போர்னிலும் பாதிக்குப் பாதி, மதுரையிலும் பாதிக்குப் பாதி. வரலாறு என்றால் நாட்டுக்கு நாடு மாறும். இதில் நாடு விட்டு நாடு போய்ப் பேச என்ன இருக்கிறது, ஊர் சுற்றிப் பார்ப்பதைத் தவிர?

29 ஜூன்

நாணயம் ஒன்றுதான். அதைச் சுண்டுகிற பிள்ளை என்ன நினைக்கிறது என்பதுதான் இந்த ஆய்வாளர்களின் கேள்வி. கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறவன் நான். அது லேசான கேள்வி இல்லை.

இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டுகிறோம். ஒன்றில் 5, மற்றதில் 6 விழ வாய்ப்பு அதிகமா? இரண்டிலும் 6 விழ வாய்ப்பு அதிகமா? இல்லை, இரண்டும் சமமா? 5-6 விழ 36இல் 2 வழி, 6-6 விழ ஒரே வழி. பிரான்சில் லெகூத்ர் என்ற ஆய்வாளர் இதைப் பலதரப்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார். நிறையப் பேர் சமம் என்றார்கள். தற்செயலாக நடப்பது எதுவானாலும் சம வாய்ப்புதான் என்பது அவர்கள் நினைப்பு. நிகழ்தகவு படித்தவர்களிடமும் இந்த நினைப்பு எளிதில் போவதில்லை என்று 1992இல் எழுதினார். என் வகுப்பிலும் பெரும்பாலானவர்கள் சமம் என்றுதான் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "ரெண்டுமே அதிர்ஷ்டம்தானே சார்". லெகூத்ர் பெயரைக் கேள்விப்பட்டிராத பிள்ளைகள், பிரான்சில் சொன்ன அதே காரணத்தைச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று அறிவிக்கிறார்கள், மழை பெய்யவில்லை. அறிவிப்பு தவறா? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கோனால்ட் இதை மாணவர்களிடம் கேட்டு 1989இல் எழுதினார். பலருக்கு 70 என்பது 'பெய்யும்' என்று சொல்வதற்கு இன்னொரு வழி, அவ்வளவுதான். பெய்யாவிட்டால் சொன்னவர் தப்பு. சென்னையில் நவம்பர் மாதம் டீக்கடையில் நின்று கேளுங்கள், இதேதான்.

ஆகவே பிரான்சில் வருகிற தவறு இங்கேயும் வந்தால், அங்கே பலித்த வைத்தியத்தை இங்கே செய்து பார்க்கலாம். அங்கே வராத தவறு இங்கே வந்தால், நம் பாடமோ தேர்வோ வாழ்க்கையோ அதை உண்டாக்கியிருக்கிறது, தேடலாம். எது எந்த வகை என்று ஒரே நாட்டு வகுப்பை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

29 ஜூன், இரவு

நீங்கள் சொன்ன மாநாடு ஐகாட்ஸ். 1982இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்கியது. பிறகு கனடாவின் விக்டோரியா, நியூசிலாந்தின் டுனேடின், மொராக்கோவின் மராகேஷ், சிங்கப்பூர், கேப் டவுன், பிரேசிலின் சால்வடோர், லியூப்லியானா, அமெரிக்காவின் ஃப்ளாக்ஸ்டாஃப், கியோட்டோ, அர்ஜென்டினாவின் ரொசாரியோ. அடுத்தது 2026இல் பிரிஸ்பேன். பட்டியலில் இந்திய ஊர் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி நாளைக்கு.

1 ஜூலை

நம் ஊர் இல்லை என்றதும் இரண்டு பேர் "நமக்கு எப்போதுமே இதில் அக்கறை இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். இது சரியில்லை, வரலாறு வேறு.

மகாலனோபிஸ் 1931 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தார். 1885இல் உருவான பன்னாட்டுப் புள்ளியியல் நிறுவனம் கல்விக்கென்று ஒரு குழு அமைத்தது 1948இல்தான். இரண்டே ஆண்டில், 1950இல், அந்த நிறுவனமும் கல்கத்தா நிறுவனமும் கைகோத்துப் பன்னாட்டுப் புள்ளியியல் கல்வி மையத்தைத் திறந்தன. திறந்த இடம் லண்டனோ பாரீஸோ இல்லை, கல்கத்தா. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அரசு அலுவலர்கள் கணக்கெடுப்பும் மாதிரி எடுத்தலும் கற்க அங்கே வந்தார்கள். விடுதலை கிடைத்துச் சுமார் மூன்று வருடமே ஆன நாட்டில் நடந்த காரியம் இது. எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அங்கே வந்தவர்கள் வளர்ந்த மனிதர்கள், வேலைக்குப் பயிற்சி பெற வந்தவர்கள். 'பத்து வயதுப் பிள்ளை சராசரியை எப்படிப் புரிந்துகொள்கிறது' என்ற கேள்வி அந்த மையத்தின் வேலை இல்லை. அந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது 1970களில். ஃபிஷ்பைன் என்ற ஆய்வாளர் நிகழ்தகவில் குழந்தைகளின் உள்ளுணர்வு பற்றி 1975இல் புத்தகம் எழுதினார். அதே ஆண்டு ஷெஃபீல்டில் பள்ளிப் புள்ளியியலுக்கென்று ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. முதல் மாநாடு ஷெஃபீல்டில் நடந்ததில் ஆச்சரியம் இல்லை. 1991இல் புள்ளியியல் கல்விக்கென்றே தனி பன்னாட்டுச் சங்கம் வந்தது. பெரியவர்களுக்கான பயிற்சியில் முன்னால் நின்ற நாம், பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுக்கு அந்த வேகத்தைக் கொண்டுவரவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

4 ஜூலை

'ஊர் சுற்ற' என்று கேட்டவருக்கு முழுப் பதில் சொல்லவில்லை என்று தோன்றியது.

பெரிய மாநாடுகளில் ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கும். ஒருவருக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். கட்டுரை வாசிப்பார்கள், கேள்விக்கு நேரம் இருக்காது. அடுத்தவரின் வகுப்பறைக்குள் நுழைந்த மாதிரி இருக்காது. இந்தக் குறையைப் பார்த்து இஸ்ரேலின் பென்-ஸ்வீயும் அமெரிக்காவின் ஜோன் கார்ஃபீல்டும் வேறொன்று செய்தார்கள். 1999இல் இஸ்ரேலின் பெயெரி கிபுட்ஸில், அதாவது ஒரு கூட்டுக் குடியிருப்பில், ஒரு சிறு குழுவைக் கூட்டினார்கள். புள்ளியியல் பகுத்தறிவு, சிந்தனை, எழுத்தறிவு பற்றிய கூட்டம், ஆங்கிலச் சுருக்கம் எஸ்ஆர்டிஎல். இருபதுக்குச் சற்று முன்பின் பேர் இருப்பார்கள். வெறும் கட்டுரையோடு வந்தால் போதாது. உங்கள் மாணவர்கள் பேசிய வீடியோவும், அதை வரிக்கு வரி எழுதிய பிரதியும் வேண்டும். அதைப் போட்டு, நிறுத்தி, திரும்பப் போட்டு, இந்தப் பையன் இந்த இடத்தில் என்ன நினைத்தான் என்று வாதாடுவார்கள். பிறகு ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல், அமெரிக்காவின் லிங்கன், ஆக்லாந்து, இங்கிலாந்தின் வாரிக் என்று இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடினார்கள்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு பொருள். 2003இல் மாறுபாடு, 2005இல் பரவல். 2007இல், சூத்திரம் ஏதும் இல்லாமல் ஒரு மாதிரியை வைத்து மொத்தத்தைப் பற்றிப் பிள்ளைகள் எப்படி ஊகிக்கிறார்கள் என்பது. இந்தக் கடைசி விஷயம் இன்று பல நாட்டுப் பாடத்திட்டத்தில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மாணவரின் பேச்சை அப்படியே கொண்டுவரச் சொன்னதுதான் இவர்கள் செய்த பெரிய வேலை என்று நினைக்கிறேன். முடிவை மட்டும் கொண்டுவந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். பிள்ளையின் வாக்கியத்தைக் கொண்டுவந்தால் ஐந்து நாட்டுக்காரர்களும் ஐந்து விதமாகக் கேட்பார்கள்.

6 ஜூலை

ஒரு வகுப்பறைச் சோதனை எப்படி நாடு நாடாகப் போகிறது என்று கேட்டிருந்தார் ஒரு பள்ளி ஆசிரியர். எனக்கு மிகவும் பிடித்தது ஹங்கேரிக் கதை.

தமாஷ் வார்கா ஹங்கேரியின் பள்ளிக் கணிதத்தை மாற்றியமைத்தவர்களில் முக்கியமானவர். அவர் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி நாணயத்தை நிஜமாகவே 200 முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுத வேண்டும். மறுபாதி சுண்டாமலேயே, சுண்டினால் எப்படி வருமோ அப்படிக் கற்பனையாக 200 எழுத வேண்டும். தாள்களைக் கலந்து அவரிடம் கொடுத்தால், எது நிஜம் எது கற்பனை என்று பிரித்துவிடுவார். அவர் பார்த்தது ஒன்றைத்தான்: தொடர்ந்து தலையாகவே எத்தனை வந்திருக்கிறது? நிஜத்தில் 200க்குள் ஏழு தலை தொடர்ந்து வருவது சகஜம். கற்பனையாக எழுதுகிறவர்களுக்கு நான்கைத் தாண்டக் கை வராது.

ரெவேஸ் என்ற நிகழ்தகவு அறிஞர் 1978இல் ஹெல்சிங்கியில் நடந்த உலகக் கணித மாநாட்டில் தன் உரைக்கு இந்தச் சோதனையைத்தான் தோற்றுவாயாக வைத்தார். தொடர் நீளம் பற்றி எர்டோஷும் ரெனியும் 1970இல் நிறுவிய தேற்றத்தோடு அது இணைந்தது. அங்கிருந்து பாடப்புத்தகங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிகளுக்கும் போனது. பள்ளி வகுப்பறையிலிருந்து ஆராய்ச்சிக் கணிதத்துக்குப் போய், திரும்ப வேறு நாட்டுப் பள்ளிகளுக்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

நான் இதை வகுப்பில் அடிக்கடி செய்கிறேன். தாள்களைப் பிரிக்கும் நேரத்தில் வகுப்பு முழுக்க எழுந்து நிற்கும். ஒரு முறை ஒரு மாணவியின் தாளில் எட்டுப் பூ தொடர்ந்து இருந்தது. பக்கத்து பெஞ்சிலிருந்து, "பொய்யா எழுதியிருக்கா சார், எட்டெல்லாம் வராது" என்று ஒருவன் கத்தினான். அவள் கண் கலங்கிவிட்டது, நிஜமாகச் சுண்டியவள் அவள்தான். அவனையே எழுந்து வந்து சுண்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் ஆறு தொடர்ந்து வந்தது. அதற்கு மேல் அவன் பேசவில்லை. திட்டவிலக்கத்துக்குச் சூத்திரம் போட்டு வாங்கின மதிப்பெண் எதுவும் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்காது.

7 ஜூலை

எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். பூவோ தலையோ, ஏதாவது ஒன்று தொடர்ந்து ஆறு அல்லது அதற்கு மேல் வருவதற்கு 200 சுண்டலில் சுமார் 96 சதவீத வாய்ப்பு. ஐந்து என்று வைத்தால் கிட்டத்தட்ட நிச்சயம். ஆறு இல்லாத தாள் கற்பனை என்று சொல்லிவிடுங்கள், அநேகமாகச் சரியாக இருக்கும். அப்புறம் ஒரு விஷயம்: மாணவர்கள் இந்தத் தந்திரத்தைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை வேண்டுமென்றே ஏழு எழுதுவார்கள். புது வகுப்பில்தான் செய்ய வேண்டும்.

13 ஜூலை

இதுவரை ஒரே மாதிரி இருப்பதைப் பற்றியே எழுதினேன். வேறுபடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், கேள்வி கேட்டவருக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1972இல் வெளியிட்ட மருத்துவமனைக் கணக்கு பிரபலமானது. ஒரு மருத்துவமனையில் தினம் சுமார் 45 குழந்தை பிறக்கிறது, இன்னொன்றில் 15. வருடத்தில் ஆண் குழந்தை 60 சதவீதத்தைத் தாண்டிய நாட்கள் எங்கே அதிகம்? சிறிய மருத்துவமனையில்தான், எண்ணிக்கை குறைந்தால் ஏற்ற இறக்கம் அதிகம். அவர்கள் கேட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றார்கள். நான் இதை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பு மாதிரி அளவைப் பற்றிப் பேசவே இல்லை. ஆண் குழந்தை அதிகம் என்றதுமே ஒரு மாணவி, "அந்த ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணிச் சொல்றாங்களா சார்" என்றாள். பிறகு கருக்கொலை, உசிலம்பட்டி, தொட்டில் குழந்தைத் திட்டம் என்று பேச்சு எங்கோ போனது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊரில் பாலின விகிதம் வெறும் தற்செயல் இல்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் கேள்வியில் 'தற்செயல்' என்று எடுத்துக்கொண்ட இடத்தில் இங்கே சமூகம் நிற்கிறது. அடுத்த முறை குழந்தைகளை விட்டுவிட்டு நாணயக் குவியலாக மாற்றினேன்.

சீட்டுக்கட்டு இன்னொரு தொல்லை. 52 சீட்டுகளைக் கொண்ட கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது என்று நம் பாடப்புத்தகத்தில் இன்றும் கணக்கு இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பெண்கள் வாழ்க்கையில் சீட்டைத் தொட்டதில்லை. வீட்டில் சீட்டு என்றால் சூதாட்டம், அப்பா பணம் தொலைத்த கதை. ஸ்பேடு, கிளாவர் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய அட்டவணை. நிகழ்தகவைப் பழக்கமான பொருளில் தொடங்க வேண்டும் என்பதற்காகவே ஐரோப்பாவில் சீட்டு வந்தது. அது இங்கே வந்து பழக்கமில்லாத பொருளாக உட்கார்ந்திருக்கிறது.

நமக்குத் தாயக்கட்டை இருக்கிறது. நீளமான இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: 1, 2, 3 புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. மொத்தம் 16 வழி. தாயம் விழ ஒன்றில் 1, மற்றதில் வெறுமை. அது 2 வழி. ஐந்து விழ 2, 3. அதுவும் 2 வழி. ஆறு விழ 3, 3 என்று ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி. லெகூத்ர் கேட்ட 5-6, 6-6 கேள்வி அப்படியே இங்கே இருக்கிறது: ஐந்து விழ வாய்ப்பு அதிகமா, ஆறு விழ அதிகமா?

இதைக் கேட்டபோது வகுப்பு வேறு மாதிரிப் பேசியது. பாட்டியோடு தாயம் ஆடிய ஒருத்தி, "அஞ்சு ரெண்டு வழியா வரும் சார், ஆறு ஒரே வழிதான்" என்று கட்டையைக் கையில் உருட்டிக் காட்டினாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது.

14 ஜூலை

தாயம் விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி. சோழி போட்டு ஆடுகிற ஊர்களும் உண்டு. சோழி இன்னும் நல்ல பாடம். நாணயத்துக்கு 'சமம், ஆகவே பாதி' என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். சோழி வாய் பார்த்து விழுமா முதுகு பார்த்து விழுமா என்பதை அப்படிச் சொல்ல முடியாது. போட்டு எண்ணித்தான் ஆக வேண்டும். சோழிக்குச் சோழி மாறும் வேறு. கோனால்ட் தன் மாணவர்களிடம் ஒழுங்கற்ற எலும்புத் துண்டு ஒன்றைக் கொடுத்து உருட்டச் சொன்னதும் இதற்காகத்தான்.

தாயத்தைப் பற்றி நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அதே மாணவர்களிடம் சில வாரம் கழித்துப் பழைய பகடைக் கேள்வியைக் கேட்டேன். தாயத்தில் சரியாகச் சொன்னவர்களில் பலர் பகடையில் "சமம்" என்றார்கள். தாயத்தில் வந்த அறிவு பகடைக்குத் தானாக நடந்து போகவில்லை. பழக்கமான பொருள் கதவைத் திறக்கிறது, அதற்குப் பிறகு ஆசிரியர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, 'இதில் எத்தனை வழி, அதில் எத்தனை வழி' என்று கேட்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பொருளைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற நண்பர்களோடு இந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

22 ஜூலை

எங்கே படிப்பது, எல்லாவற்றுக்கும் பணம் கேட்கிறார்களே என்று கேட்டவருக்கு: செர்ஜ் என்ற ஆய்விதழ் 2002 மே மாதத்திலிருந்து இலவசம். கட்டணமே கிடையாது. கிரனாடா பல்கலைக்கழகத்தின் கார்மென் பதனேரோவும் இங்கிலாந்தின் ஃப்ளேவியா ஜாலிஃபும் ஆரம்பித்தது. அதன் வேர் ஒரு செய்திமடல். முதல் ஷெஃபீல்டு மாநாட்டை ஒட்டி நிகழ்தகவு கற்றலை ஆய்கிறவர்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்தார்கள். யார் எந்த நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். மின்னசோட்டாவிலிருந்து கார்ஃபீல்டும், பிறகு ஸ்பெயினிலிருந்து பதனேரோவும் அந்தச் செய்திமடலை நடத்தினார்கள். அது வளர்ந்து இதழானது. எஸ்ஆர்டிஎல் கூட்டங்களில் வந்த பொருள்கள் இதில் சிறப்பிதழ்களாக வந்திருக்கின்றன.

நூலகச் சந்தா கட்ட வழியில்லாத கல்லூரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என் ஆய்வேட்டில் பாதி மேற்கோள் இதிலிருந்துதான்.

27 ஜூலை

ஆய்வாளர்களை விடுங்கள், பிள்ளைகளே நாடு தாண்டிச் சேர்ந்து செய்வது உண்டா? உண்டு. 'சென்சஸ்அட்ஸ்கூல்' என்று தேடிப் பாருங்கள். 2000இல் பிரிட்டனில் தொடங்கியது, அடுத்த ஆண்டு வரவிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி. 2001இல் தென்னாப்பிரிக்கா, 2003இல் நியூசிலாந்து, பிறகு கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பரவியது. மாணவர்கள் பெயரில்லாமல் தங்களைப் பற்றி நிரப்புகிறார்கள்: உயரம், பாத நீளம், பள்ளிக்கு எப்படி வருகிறாய், எவ்வளவு நேரம் ஆகிறது. சில கேள்விகள் எல்லா நாட்டிலும் பொது. ஆசிரியர் அதிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து வகுப்பில் பயன்படுத்தலாம்.

நியூசிலாந்துத் தரவில் ஒரு மாதிரி எடுத்து என் மாணவர்களிடம் கொடுத்தேன். முதலில் கண்ணில் பட்டது, உயரம் என்ற இடத்தில் யாரோ 1.5 என்று போட்டிருந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் மனிதன் என்று வகுப்பே சிரித்தது. பிறகு ஒருவன், மீட்டரில் எழுதியிருப்பான் என்றான். அதைத் திருத்துவதா, தூக்கிவிடுவதா, நம்மால் அவன் மனதில் நினைத்ததை மாற்ற முடியுமா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். நம் பாடப்புத்தகத் தரவு எப்போதும் குளித்து உடுத்தி வந்து நிற்கும். இப்படி ஒரு கேள்வி அதில் எழ வாய்ப்பே இல்லை.

பள்ளிக்கு வரும் நேரத்தைத் தங்கள் நேரத்தோடு ஒப்பிட்டார்கள். எங்கள் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் நிறைய. நடுவில் வருகிற பாதிப் பேரைப் பெட்டிக்குள் காட்டுகிற பெட்டிப்படம் வரைந்து பக்கத்தில் வைத்ததும், "நம்ம பெட்டி ஏன் சார் இவ்வளவு நீளம்" என்றான் ஒருவன். தரவை நான்கு சம பங்காகப் பிரிக்கிற கால்மானம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

3 ஆகஸ்ட்

"இதெல்லாம் செய்ய நேரம் எங்கே சார், பத்தாம் வகுப்பில் புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசிப் பாடம்" என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டாவது, கடைசி. திருப்புதல் தேர்வு நெருங்கும்போது சூத்திரத்தைப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அவர் மேல் குற்றம் இல்லை.

இந்தச் சிக்கலும் நமக்கு மட்டும் உரியது இல்லை. கணிதக் கல்விக்கான பன்னாட்டு ஆணையமும் புள்ளியியல் கல்விச் சங்கமும் சேர்ந்து முதல் முறையாக ஒரு கூட்டு ஆய்வை எடுத்தன. 2008இல் மெக்சிகோவின் மான்டெர்ரேயில் கூடினார்கள், 2011இல் புத்தகம் வந்தது. பள்ளிக் கணிதத்துக்குள் புள்ளியியலைக் கற்பிக்கிற ஆசிரியரைப் பற்றியது. நாட்டுக்கு நாடு ஒரே குரல் கேட்கிறது அதில்: ஆசிரியர் கணிதம் படித்தவர், தரவைக் கையாண்டு பழகியவர் இல்லை.

நியூசிலாந்து இதில் துணிந்து ஒன்று செய்தது. 2007 பாடத்திட்டத்தில் பாடத்தின் பெயரையே 'கணிதமும் புள்ளியியலும்' என்று வைத்தார்கள். அதன் பின்னால் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் வைல்டும் ஃபன்குக்கும் 1999இல் எழுதிய கட்டுரையின் பலம் இருந்தது. மாணவர்களையும் தொழில்முறைப் புள்ளியியலாளர்களையும் பேட்டி எடுத்து, உண்மையில் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சிக்கல், திட்டம், தரவு, பகுப்பாய்வு, முடிவு என்ற அந்தச் சுழற்சியைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்காரர்களிடமிருந்து எடுத்து வளர்த்தார்கள். நம் பாடம் அந்த ஐந்தில் நான்காவதில் தொடங்கி அங்கேயே முடிகிறது. தரவு கொடுக்கப்பட்டிருக்கும், கணக்குப் போடு. சிக்கல் யாருடையது, தரவை யார் எடுத்தார், முடிவை வைத்து என்ன செய்வது, எதுவும் இல்லை.

10 ஆகஸ்ட்

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது. ஒரு வெளிநாட்டுக் கூட்டத்துக்கு என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். பயணச் செலவுக்கு விண்ணப்பித்தேன், கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது, கூட்டம் முடிந்த பிறகு 'நிதி இல்லை' என்று பதில் வந்தது. எனக்கு மட்டும் நடந்தது இல்லை, என்னைப் போன்ற பலருக்கும் இதே கதை. வெளிநாட்டுக் கட்டுரைகளைப் புரட்டும்போது யாருடைய வகுப்பறை அதில் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கா, இஸ்ரேல், நியூசிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின். அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பு அதில் எங்கே? இருபது பேர் வகுப்பில் பலித்தது அறுபதில் பலிக்குமா என்பதை நாம்தான் எழுத வேண்டும். வேறு யாரும் நமக்காக எழுத மாட்டார்கள்.

லத்தீன் அமெரிக்கா வழிகாட்டுகிறது. ஸ்பெயினில் படித்த ஆய்வாளர்கள் திரும்பிப் போய்த் தங்கள் நாடுகளில் குழுக்கள் அமைத்தார்கள், ஒருவருக்கொருவர் ஸ்பானிய மொழியிலேயே எழுதிக்கொள்கிறார்கள். செர்ஜ் இதழே ஆங்கிலத்தோடு ஸ்பானிய, பிரெஞ்சுக் கட்டுரைகளையும் ஏற்றுக்கொண்டது. தமிழகம், இலங்கை, மலேசியா ஆகிய மூன்று இடங்களிலும் தமிழ் வழி கணக்குச் சொல்லித்தருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மூன்றிலும் பாடத்திட்டம் வேறு. பிள்ளைகளின் பேச்சை மொழிபெயர்க்காமலே பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எங்கே கிடைக்கும்?

16 ஆகஸ்ட்

மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆசிரியரும், பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கிற ஒருவரும் "சேர்ந்து செய்வோம்" என்று எழுதியிருக்கிறார்கள். செய்வோம். ஒரே கேள்வி, எல்லா இடத்திலும் ஒரே சொற்களில்:

'இரண்டு பகடைகளை ஒன்றாக உருட்டுகிறோம். ஒரு 5, ஒரு 6 விழ வாய்ப்பு அதிகமா? இரண்டு 6 விழ வாய்ப்பு அதிகமா? சமமா? ஏன்?'

அந்த 'ஏன்' முக்கியம். பிள்ளை சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம், நல்ல தமிழாக்க வேண்டாம். எத்தனை பேர் சரி என்று எண்ணுவது இரண்டாவது வேலை. பிறகு தாயமோ சோழியோ உங்கள் ஊரில் பிள்ளைகள் எதை ஆடுகிறார்களோ அதை வைத்து இன்னொரு முறை. மாணவர் பெயரோ பள்ளிப் பெயரோ அனுப்பாதீர்கள், வகுப்பும் எத்தனை பேர் என்பதும் போதும். பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

17 ஆகஸ்ட்

இரண்டு சந்தேகங்களுக்குப் பதில். ஒன்று, பகடை பார்த்தறியாத பிள்ளைகள் இருந்தால் கேட்பதற்கு முன் கையில் கொடுத்து உருட்ட விடுங்கள், ஆனால் எண்ண விடாதீர்கள். இரண்டு, ஒரே நிறப் பகடையா வேறு நிறமா என்று பினாங்கு ஆசிரியர் கேட்டது மிக நல்ல கேள்வி. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று கொடுத்தால் 'சிவப்பில் 5 பச்சையில் 6' என்றும் 'சிவப்பில் 6 பச்சையில் 5' என்றும் பிள்ளை பிரித்துப் பார்க்கக்கூடும். ஆகவே பாதி வகுப்புக்கு ஒரே நிறம், பாதிக்கு இரு நிறம். யாருக்கு எது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள்.